புறநானூற்றுத் திணை துறைக் குறிப்புகளும் தலைப்பீட்டு ஒருமையும்

ஒரு கட்டுரையை இன்ன பொருளது எனத் தலைப்பிட்டு அடைவிற் சேர்ப்போர் இருவராயின், அவ்விருவர் தலைப்பும் முற்றும் ஒத்தல் அரிது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் அடைவில் அறியாது இருமுறை தலைப்பிடப்பெற்ற 760 கட்டுரைகளை ஒப்பிட்டு 1983இல் வெளிவந்த ஆய்வொன்று, முதன்மைத் தலைப்புகளின் ஒருமைப்பாடு 48.2 விழுக்காடே எனக் காட்டிற்று. பயிற்சியும் வரையறுத்த சொற்பட்டியும் உடையோரிடத்தேயே நிலை இதுவாயின், பிறரைக் குறைகூறுதல் எளிதன்று.

தலைப்பீடு தமிழுலகிற்குப் புதிதன்று. புறநானூற்றுப் பாட்டுகளின் இறுதியில் திணையும் துறையும் வகுத்துரைக்கும் பழங்குறிப்புகள் இப்பணியையே செய்வன. 1894இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த நாள்தொட்டு, நாம் பெரும்பாலும் அவற்றின் வழியாகவே அப்பாட்டுகளை அணுகி வருகின்றோம். ஆயின் அவை ஒருமையுடையனவா என்பது ஆராய்தற்குரியது.

கையறுநிலை என்னும் ஒரு துறையையே கொள்வோம். பாரி மகளிர் பாடிய 112ஆம் பாட்டிற்குத் திணை பொதுவியல், துறை கையறுநிலை என்பது குறிப்பு. ஆவூர் மூலங்கிழாரின் 261ஆம் பாட்டிற்கும் துறை அதுவே, திணையோ கரந்தை. தொல்காப்பியமோ கையறுநிலையைக் காஞ்சியுள் அடக்கும். பொதுவியல் என்றொரு திணை அந்நூலில் இல்லை. கரந்தையும் ஆண்டு வெட்சியின் பகுதியே. இங்ஙனம் ஒரு துறை மூன்று திணைக்கண் நிற்பது மேலோட்டமாக நோக்குவார்க்குக் குழப்பமாகவே தோன்றும்.

நச்சினார்க்கினியர் இதனை உடன்பட்டிலர். புறத்திணையியல் உரையில், புறநானூற்றிற்குத் துறை வகுத்தோர் பிற்கால நூல்வழியே வகுத்தனர் என்றும், தொகைநூல்கட்குத் தொல்காப்பிய வழியே துறை கூறல் வேண்டும் என்றும் அவர் மறுத்துரைத்தார். அவர் கண்ட காரணம் சரியே, முடிபுதான் ஏற்புடைத்தன்று. பன்னிருபடல மரபைத் தழுவிய புறப்பொருள் வெண்பாமாலை, கையறுநிலையைக் கரந்தையினும் பொதுவியலினும் தனித்தனியே வைக்கின்றது. ஆநிரைப் போரிற் பட்ட மறவனைக் குறித்த இரங்கல் கரந்தையாதலும், தந்தையையும் குன்றையும் இழந்த மகளிரின் இரங்கல் பொதுவியலாதலும் அம்மரபிற்கு முரணல்ல. ஒரு வாய்பாட்டால் வகுத்ததை வேறொரு வாய்பாட்டால் அளந்து பிழையென்றல் பொருந்துமோ?

மெய்யான ஐயம் வேறிடத்தே உளது. 2ஆம் பாட்டின் குறிப்பு, துறை செவியறிவுறூஉ என்று கூறி, வாழ்த்தியலும் ஆம் என முடிகின்றது. இவ் 'ஆம்' ஒருவரே இருபொருள் கண்டதாகலாம். பின்னொருவர் சேர்த்ததாகவும் இருக்கலாம். முன்னதாயின் அது விரிந்த தலைப்பீடு. பின்னதாயின் இருவர் தம்முள் வேறுபட்டமைக்குச் சான்று. ஆதலின், இனிப் புறநானூற்றிற்குத் துறையடைவு அமைப்போர் குறிப்பின் திணை, தொல்காப்பிய வழித் திணை, 'ஆம்' என வரும் துறை ஆகிய மூன்றையும் ஒன்றாக்காது தனித்தனி நிரலிற் காட்டுதல் வேண்டும். அன்றேல், கையறுநிலையைப் பொதுவியலில் மட்டும் தேடும் மாணவர்க்கு 261ஆம் பாட்டு அகப்படாது.