பொப்பி மலரும் பூவரசம்பூவும்

கேகாலை மாவட்டத்தில், களனி கங்கைப் பள்ளத்தாக்கின் இறப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே அமைந்துள்ள தெஹியோவிட்டவின் சமூக வரலாற்றை எழுதப் புகுவோர், போரில் ஊனமுற்ற படைவீரர்களுக்காகத் திரட்டப்பட்ட நன்கொடை ஒன்றிலிருந்தும் அதனைத் தொடங்கலாம்.

முதல் உலகப் போர் ஓய்ந்த நவம்பர் 11ஆம் நாளில் சிவப்புப் பொப்பி மலர்களை விற்று முன்னாள் படைவீரர்களுக்கு நிதி சேர்க்கும் வழக்கம் பிரித்தானியாவில் 1921இல் தொடங்கியது. 1922 முதல் அங்கே அம்மலர்களைச் செய்யும் பணியிலும் போரில் ஊனமுற்றோரே அமர்த்தப்பட்டமையால், அவர்களுக்கு உதவிப் பணத்தோடு கூலியும் கிடைத்தது. தோட்டத் துரைமாரைக் கொண்ட துப்பாக்கிப் படையொன்று 1914இலேயே இலங்கையிலிருந்து எகிப்துக்குச் சென்றிருந்ததால், இத்தீவின் வெள்ளையரிடையே அந்நாளுக்குத் தனி மதிப்பு இருந்தது. ஆயினும் இங்கு விற்ற மலர்களின் வருவாயில் பெரும்பங்கு பிரித்தானிய வீரர்களையே சேர்ந்தது. அதே போரில் பணியாற்றி மீண்ட இலங்கையருக்கு எஞ்சியது சொற்பமே. இந்த அநீதியைப் பொறாத முன்னாள் படைவீரர் சங்கத்தின் ஏலியன் பெரேரா, சிங்களத்தில் ‘சூரிய மல்’ எனப்படும் பூவரசம்பூவை அதே நாளில் விற்கும் மாற்று முயற்சியை 1931இல் தொடக்கினார்.

1933இல் தென் கொழும்பு வாலிபர் சங்கம் அம்முயற்சியைக் கையேற்று, ஆங்கிலேயப் பெண்மணியான டொரீன் யங் முன்னணியில் நிற்க, அதனை ஏகாதிபத்தியத்துக்கும் போருக்கும் எதிரான இயக்கமாக வளர்த்தது. இம்மாற்றத்தில் ஊனமுற்ற உள்ளூர் வீரரின் துயர் பின்தள்ளப்பட்டமை வருந்தத்தக்கதே. எனினும் துயருற்றோர் யாராயினும் அவர்களிடம் செல்லவேண்டும் என்ற முனைப்பு குன்றவில்லை என்பதற்கு அடுத்த ஆண்டே சான்றாயிற்று.

1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தபோது, எப்போதும் பெருக்கெடுத்தோடும் களனி கங்கை வற்றிப் பாறை இடுக்குகளில் தெளிந்த குட்டைகளாகத் தேங்கியது. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு அக்குட்டைகளில் பெருகியது. ஈரவலய மக்களுக்கு அந்நோயை எதிர்க்கும் ஆற்றல் குறைவாக இருந்தமையாலும், பஞ்சத்தால் உடல் ஏற்கெனவே நலிந்திருந்தமையாலும், சில மாதங்களுக்குள் நாடெங்கும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மிகக் கடுமையாகத் தாக்குண்ட பகுதிகளில் கேகாலை மாவட்டமும் ஒன்று. அங்கு வந்த சூரிய மல் தொண்டர்கள், கொயினா மருந்து மட்டும் பசித்த உடலைத் தேற்றாது என்பதைக் கண்டு, மாமைட் எனும் நொதியச் சாற்றை மாத்திரைகளாக உருட்டி வழங்கினர். அவர்களுள் வீடுவீடாகப் பருப்பு கொடுத்த என். எம். பெரேராவை மக்கள் ‘பரிப்பு மாத்தயா’ (பருப்பு ஐயா) என்றே அழைத்தனர். 1935 டிசம்பரில் இவ்வியக்கத்தினர் பலர் கூடி லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவ, மறு ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலில், தெஹியோவிட்டவை அண்டிய ருவன்வெல்லத் தொகுதி என். எம். பெரேராவைத் தன் பிரதிநிதியாகத் தெரிவுசெய்தது.