இராமன் விளைவும் சிவா லேசரும்

திருச்சிராப்பள்ளியில் 1888-இல் தோன்றிய சர் சி. வி. இராமன், 1933-இல் பெங்களூர் வந்து இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநரானார். 1970-இல் மறையும்வரை இந்நகரையே தம் இல்லமாகக் கொண்டார். தொழில் நாடி வந்து அடுகோடியில் வேரூன்றிய தமிழ்க் குடும்பத்தினராகிய நாம் அவர் பெயரைப் பெருமையுடன் கூறுகிறோம். அப்பெயர் பின்னாளில் மேலைநாட்டு ஆய்வுக்கூடமொன்றில் நேர்ந்த பெருந்தடை ஒன்றுக்கும் வழங்கலாயிற்று.

பொருளினுள் புகும் ஒளி, மூலக்கூறுகளின் அதிர்வோடு ஆற்றலைப் பரிமாறி நிறம் மாறிச் சிதறுதலே 1928-இல் அவர் கண்ட விளைவு.

கதிரவனில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஆற்றலைப் பொழிகின்றன. கடுகளவு எரிபொருள் உருண்டையை லேசர் ஒளியால் நாற்புறமும் நெருக்கி அதனை மண்ணிலும் நிகழ்த்தலாம் என்று 1972-இல் ஜான் நக்கோல்ஸ் குழுவினர் எழுதினர். 1977-இல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தார் இருபது கற்றைகள் கொண்ட லேசரை அமைத்தனர். அவர்கள் அதற்கு இட்ட பெயர் 'சிவா'!

ஆயின் சிவாவின் அகச்சிவப்பு ஒளி, கொதிக்கும் பிளாஸ்மாவில் எலக்ட்ரான் அலைகளை எழுப்பிற்று. அவ்வலையும் சிதறிய ஒளியும் ஒன்றையொன்று வளர்த்தன. ஒளியில் ஒரு பகுதி நிறம் மாறி வெளியேறியது. ஒரு பகுதி விரைவு எலக்ட்ரான்களாகி எரிபொருளை முன்னதாகவே சூடேற்றிற்று. சூடேறிய பொருளை நெருக்குதல் அரிதன்றோ? மூலக்கூற்றின் அதிர்வுக்கு ஈடாகப் பிளாஸ்மா அலை நிற்பதால், இதனைத் தூண்டப்பட்ட இராமன் சிதறல் என்றனர்.

ஒளியின் செறிவைக் கூட்டினால் இக்கேடு மிகும். ஆதலின் நிறத்தை மாற்றினர். 1984-இல் அமைந்த 'நோவா' லேசரில் ஒளியைப் படிகங்களினூடே செலுத்தி, அலைநீளத்தை மூன்றிலொன்றாக, 351 நானோமீட்டராகக் குறைத்தனர். குற்றலை ஒளி அடர்ந்த பிளாஸ்மாவரை புகுந்து, துகள்களின் மோதலால் நன்கு உட்கவரப்படும். கேடு தலைதூக்குதல் கடினமாகும். அவ்வாண்டிலேயே ஜப்பானிய அறிஞர் கட்டோ குழுவினர், கற்றையின் ஒழுங்கைக் கலைத்து அதன் பெரு மேடுபள்ளங்களை அகற்றும் கண்ணாடித் தகட்டை அறிமுகப்படுத்தினர்.

இவ்வழியே நடந்த லிவர்மோர் அறிஞர், 2022 டிசம்பர் 5 அன்று 192 கற்றைகளால் 2.05 மெகாஜூல் ஒளியைச் செலுத்தி 3.15 மெகாஜூல் ஆற்றல் பெற்றனர். லேசரை இயக்கச் செலவான மின்னாற்றலோ ஏறத்தாழ 300 மெகாஜூல்! ஆகவே இவ்வாற்றலால் நம் வீட்டு விளக்கெரியும் நாள் இன்னும் தொலைவிலேயே உள்ளது.

எனினும் ஒன்று தெளிவு. தடை தணிந்தது வன்மையால் அன்று. ஒளியின் இயல்பை அறிந்ததால். அவ்வியல்பை ஆராய்வதையே வாழ்வாகக் கொண்டவர் நம் இராமன். நம் சிறார் அவர் பெயரைப் போற்றுவதோடு நில்லாது, அவர் சென்ற வழியிலும் செல்வாராக!