கரிசல் நிலத்து நூற்பாலைகளும் மரபுசாரா எரிசக்தியும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் கண்மாய்ப் பாசனத்தையும் மானாவாரிப் பயிரையும் நம்பிய வறள்நிலப் பகுதிகளாகும். பருத்தியும் கைத்தறியும் வேரூன்றிய இந்நிலத்தில் பின்னர் நூற்பாலைகள் நிலைபெற்றன. பழந்தொழில் நிறுவனங்கள் மரபுசாரா எரிசக்திக்குத் திரும்பியதற்குச் சூழல் உணர்வே காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. இக்கருத்தைத் தமிழக நூற்பாலைகளின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆலைகளும் காற்றும்

நூற்பாலையின் செலவினங்களில் பஞ்சுக்கு அடுத்த நிலையில் இருப்பது மின்சாரம். தமிழகத்தில் 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அரசு முயற்சியாகக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. 1990களில் முதலீட்டின் முழுத் தொகையையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழிக்க வருமான வரிச் சட்டம் இடமளித்தது. ஈட்டிய இலாபத்திற்கு வரி செலுத்தவேண்டிய பழைய ஆலைகளுக்கே இச்சலுகை பெரிதும் பயன்பட்டது. இலாபம் ஈட்டாத புதிய நிறுவனத்திற்கு அதனால் உடனடிப் பயன் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றில் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பகுதியில் கிடைத்த மின்சாரத்தை வாரியத்தின் கம்பிகள் வழியே தொலைவிலுள்ள ஆலைக்குக் கொண்டுசெல்லவும், மிகுதியைக் கணக்கில் சேமிக்கவும் விதிகள் துணைநின்றன. 2008இல் தொடங்கிய கடும் மின்வெட்டு, சொந்த மின்சாரத்தின் தேவையை மேலும் உணர்த்தியது.

2012இல் விரைவுத் தேய்மானச் சலுகையும் உற்பத்தி ஊக்கத்தொகையும் நின்றபோது, அடுத்த ஓராண்டில் நாட்டின் புதிய காற்றாலை நிறுவல் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. சூழல் உணர்வு மட்டுமே உந்துவிசையாக இருந்திருப்பின் இச்சரிவு நேர்ந்திராது.

நிலமும் வெயிலும்

அருப்புக்கோட்டைக்கு அண்மையிலுள்ள கமுதியில் 2016இல் அதானி குழுமம் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை நிறுவியது. அது ஏறத்தாழ 2,500 ஏக்கர் பரப்புடையது. மின்வாரியம் வாங்கும் விலை அலகுக்கு 7.01 ரூபாய் என முன்னரே உறுதிசெய்யப்பட்டிருந்தது. இங்கும் பெருமுதலீட்டிற்கு வழிவகுத்தது விதியே. ஆயினும் நூற்பாலைகளின் காற்றாலைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஆலையின் மின்சாரம் உள்ளூர் வேலைவாய்ப்போடு இணைந்திருந்தது. சூரியப் பூங்காவின் மின்சாரமோ மாநில மின்தொகுப்பில் கலந்துவிடுகிறது. வறள்நிலத்தில் தரிசு எனப் பதிவான இடம் ஆடுமாடுகளின் மேய்ச்சலுக்கும் கண்மாய்க்கு நீர்வரும் வழிக்கும் உரியதாக இருக்கக்கூடும். விலை ஆணையில் இப்பயன்பாடுகளுக்கு மதிப்பு இல்லை.

முடிவுரை

பழைய நிறுவனங்களின் மாற்றம் உண்மையானது. அதன் திசையை வகுத்தவை வரிச்சலுகை, மின்தட்டுப்பாடு, விலை உறுதி ஆகியனவே. எனவே, நீர்வரத்தையும் மேய்ச்சலையும் காக்கும் நிபந்தனைகள் அதே விதிகளில் இடம்பெறாதவரை, தூய எரிசக்தியின் இலாபம் நிறுவனத்திற்கும் இழப்பு வறள்நில மக்களுக்கும் சென்றுசேரும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் முடிவாகும்.