கதிர் தொட்ட விதை – 6: நாகசாகி வயலின் வதந்தி

1948 ஜூன் 16. பிரட்டு முடிந்து ஆட்கள் நிரைக்குப் போய்விட்ட காலை வேளை. சுங்கை சிப்புட் எல்பில் தோட்டத்து ஆபீஸில் ஆர்தர் வாக்கர் துரை சுட்டுக் கொல்லப்பட்டார். சிறிது நேரத்தில் பின் சூன் தோட்டத்தில் இன்னும் இரண்டு துரைமார். மலாயாவின் அவசரகாலம் நம் ஊரில்தான் பிறந்தது.

அதே ஆண்டு, அமெரிக்க விவசாயத் துறை வேறொரு வேலையில் இறங்கியிருந்தது. பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, சிலவற்றில் மட்டும் கதிரியக்கப் பொருளைக் கலந்து பயிர் வைத்தார்கள். காரணம், போன வாரம் நாம் கேட்டு நிறுத்திய அந்தச் செய்தி: அணுகுண்டு விழுந்த நாகசாகியில் பயிர் முன்னைவிடச் செழிக்கிறதாம்!

எல். டி. அலெக்ஸாண்டர் 1950-இல் முடிவை வெளியிட்டார். கதிரியக்க உரம் போட்ட பாத்திக்கும் போடாத பாத்திக்கும் நம்பத்தக்க வேறுபாடு இல்லை. நாகசாகியில் செழிப்பு தெரிந்திருந்தால் அதற்குச் சாம்பலே போதுமான காரணம் என்பது என் கருத்து. ஜப்பான்காரன் காலத்தில் காட்டை எரித்து மரவள்ளி நட்டுப் பிழைத்த நம் பாட்டன் பாட்டிமாருக்கு, எரிந்த மண்ணில் முதல் போகம் எப்படி வரும் என்பது தெரியும்.

அப்படியானால் கதை முடிந்ததா? இல்லை. அமெரிக்கர்கள் சோதித்தது மண்ணை. விதையைச் சோதித்தவர்கள் அவர்களுக்கு அரை நூற்றாண்டு முன்பே இருந்தார்கள். ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895-இல். 1898-லேயே மால்டினே, தூவெனின் என்ற பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கதிரை விதைமேல் பாய்ச்சி, முளை சீக்கிரம் வருகிறது என்று எழுதிவிட்டார்கள். பிறகு வந்த பல ஆய்வுக்கூடங்களிலும் அதைக் கண்டிருக்கிறார்கள்.

எப்படி வருகிறது? விதைக்குள் இருக்கும் கொஞ்சநஞ்ச ஈரத்தைக் கதிர் உடைக்கிறது. வீரியமான ஆக்சிஜன் துணுக்குகளும் ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகின்றன. அளவு மிஞ்சினால் இவை நஞ்சு. மிகச் சிறிய அளவில் இருந்தால், உறங்கும் கருவுக்கு இவையே எழுப்பு மணி. தற்காப்பு நொதிகள் வேலைக்கு வருகின்றன. மாவுச்சத்து கரைந்து முளைக்குப் போகிறது. இதற்கு வேண்டிய அளவு, கதிரை அளக்கும் ‘கிரே’ என்ற அலகில், சில கிரே முதல் சில பத்து கிரே வரை. மனித உடல் முழுவதும் நாலைந்து கிரே பட்டால், சிகிச்சை இல்லாதவர்களில் பாதிப் பேர் பிழைக்கமாட்டார்கள். உலர்ந்த விதையில் நீரும் குறைவு, பிரியும் செல்லும் இல்லை, அதனால் தாங்குகிறது. காமா கதிர் பட்ட விதை கதிரியக்கப் பொருளாக மாறிவிடுவதும் இல்லை.

ஆனால் வயலில் இது கைகொடுக்கவில்லை. விதையின் ஈரம், வயது, ரகம், கதிர் பட்டபின் எத்தனை நாள் கழித்து விதைத்தார்கள், ஒவ்வொன்றுக்கும் பலன் மாறுகிறது. முளை முந்தினாலும் அறுவடையில் எடை கூடும் என்று உறுதி சொல்ல முடியாது. ‘அணுவிதை’ என்று யாராவது விற்க வந்தால் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

உறுதியாக நின்றது வேறொரு வழி: அளவைக் கூட்டி மரபணுவையே மாற்றி, ஆயிரத்தில் நல்ல ஒன்றைப் பொறுக்குவது. கிராண்ட் நைன் வாழையின் குருத்துத் திசுவில், ஆஸ்திரியாவின் சைபர்ஸ்டோர்ஃப் ஆய்வகத்தில், 60 கிரே பாய்ச்சினார்கள். ஈரத் திசுவுக்கு அது பெரிய அடி. பிழைத்தவற்றில் ஒன்று சீக்கிரம் பூத்தது. அதைப் பெருக்கியது நம் பேராக்கில், தெலுக் இந்தான் பக்கம் ஜெண்டராத்தா தோட்டத்தை நடத்தும் யுனைடெட் பிளான்டேஷன்ஸ். 1990-களில் ‘நோவாரியா’ என்ற பெயரில் அது வெளிவந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஈப்போ பக்கத்துப் புக்கிட் மேரா மக்கள் ஓர் ஆலையின் தோரியக் கழிவை எதிர்த்து நீதிமன்றம் ஏறியதையும் 1994-இல் அந்த ஆலை மூடப்பட்டதையும் நாம் மறக்கக் கூடாது. குறைந்த கதிர் விதைக்கு நல்லது என்ற ஆய்வைக் காட்டி, கழிவு மனிதருக்கும் கெடுதல் செய்யாது என்று வாதிடுவது அறம் அல்ல. விதைக்குக் கதிர் ஒருமுறை, அளந்து, பூட்டிய அறையில் படுகிறது. கழிவு பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேட்டுவிட்டு வருவதில்லை.

அந்தப் பூட்டிய அறையையே லாரியில் ஏற்றி வயல்வெளிக்கு ஓட்டிச் சென்றது சோவியத் ஒன்றியம். ‘கோலஸ்’ என்று பெயர். 1970-களில் அந்த லாரிகளின் ஈயக் கூடுகளுக்குள் சீசியம்-137 இருந்தது; விதைப்புக்கு முன் தானியத்தின்மேல் அதன் கதிரைப் பாய்ச்சினார்கள். 1991-இல் ஒன்றியமே சிதறியது. பல ஆண்டுகள் கழித்து சர்வதேச அணுசக்தி முகமை அந்த ஈயக் கூடுகளைத் தேடி இறங்கியது.

அவற்றில் சில ஜார்ஜியாவில் கிடைத்தன. யார் கையில், எந்த நிலையில்? அடுத்த வாரம் பார்ப்போம்.