விடுதலைக் கப்பலும் விலங்கும்

பிரான்சின் மேலைக் கரையில், சாரந்து ஆற்றோரம் ரோஷ்போர் நகரம். பதினான்காம் லூயி ஆணையிட, அமைச்சர் கோல்பேர் திட்டமிட, 1666-இல் சதுப்பிலே எழுந்த கடற்படைத் துறைமுகம். அங்கு செல்வோரை வியக்கவைப்பது கயிறு திரிக்கும் நெடுங்கூடம். நீளம் 374 மீட்டர்! கப்பல் வடத்தை நேராக நீட்டித் திரிக்க அத்தனை நீளம் வேண்டுமன்றோ? சேற்றில் புதையாதிருக்க ஓக் மரச் சட்டங்களின்மீது அதனை நிறுத்தினர்.

மன்னன் பெயர் அறிவோம். மரம் சுமந்தவன் பெயர்? 1766 முதல் 1852 வரை அங்கே கைதிக் கொட்டடி இருந்தது, தோழர்களே! விலங்கு பூட்டிய மாந்தர் கலம் கட்ட உழைத்தனர். பிரெஞ்சுப் படை துணைக்கு வருமென்ற செய்தியோடு, விடுதலைக்குப் போராடிய அமெரிக்காவுக்கு லஃபயெத்தை 1780-இல் ஏற்றிச்சென்ற ‘எர்மியோன்’ கப்பலும் அவர்கள் கைபட்டதே. அக்கரையில் விடுதலை முழக்கம். இக்கரையில் விலங்கின் ஓசை!

அக்கப்பலை அதே நகரில் மீண்டும் கட்டி, 2015-இல் அமெரிக்காவுக்குச் செலுத்தினர். இம்முறை கட்டியோர் கூலி பெற்ற தச்சர்கள்.