ஏன் எல்லாரும் புழுதிக்கே போகினம்?

நுவரெலியாவில் நடக்கும் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டியை ஒருக்காத்தான் பார்த்திருக்கிறேன். சித்திரை மாதம், நல்ல குளிர். தேயிலைக்கு நடுவில் ஒரு வளைவில் இடம்பிடித்து நின்றோம். கீழே சத்தம் கேட்டது, ஒரு கார் வந்தது, வளைவில் பின்சில்லு கொஞ்சம் வழுக்கியது, மேலே போய் மறைந்தது. எல்லாம் ஏழெட்டு செக்கன்தான். பிறகு அடுத்த கார் வரும்வரை கச்சான் கொறிக்க வேண்டியதுதான். யார் வென்றது என்று ஒலிபெருக்கியில் நேரக் கணக்குச் சொன்னார்கள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்த வருடம் பதுளைக்கார நண்பன் ஒருவன் தியத்தலாவைக்கு, ஃபொக்ஸ் ஹில் சுப்பர்குறொஸ் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனான். "மச்சான், இங்க வந்து நில், முழுக்கத் தெரியும்" என்றான். உண்மைதான். மலைச்சரிவில் நின்றால் கீழே முழுத் தடமும் உள்ளங்கை மாதிரித் தெரிந்தது. சைக்கிள்கள் ஒன்றாகப் புறப்பட்டன, முதல் வளைவிலேயே ரெண்டு பேர் விழுந்தார்கள், மேட்டில் ஏறினவன் அந்தரத்தில் பறந்தான். மூன்றாவது சுற்றில் எனக்கு ஒரு ஆள் பிடித்துப்போய், பெயர் தெரியாமலே அவனுக்காகக் கத்திக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் சிவப்புப் புழுதி.

சனத்தொகையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். மகாகஸ்தோட்டைப் போட்டி 1934இல் தொடங்கியது. நாட்டின் மிகப் பழைய மோட்டார் போட்டிகளில் ஒன்று. ஃபொக்ஸ் ஹில் 90களில் வந்தது. பழசு என்பதற்காகச் சனம் வருவதில்லை. அப்ப எதற்காக வருகிறது?

"ஆபத்துத்தான் காரணம்" என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மலைவீதியில் தனியே கார் ஓட்டுவதும் ஆபத்துத்தான். இதற்கு விடை 100 வருடத்துக்கு முந்தின இங்கிலாந்தில் கிடக்கிறது.

அங்கே மோட்டார் சைக்கிள்காரர்களிடம் 'ட்றயல்ஸ்' என்ற போட்டி இருந்தது, இன்றும் இருக்கிறது. கல்லும் சேறும் உள்ள பாதையில் காலைக் கீழே ஊன்றாமல் ஓட்ட வேண்டும். ஊன்றினால் புள்ளி போகும், அதைக் கணக்கெடுக்க நடுவர்கள் நிற்பார்கள். ஓட்டுகிறவனுக்கு அது பெரிய கலை. பார்க்கிறவனுக்கோ ஒருத்தன் மெல்ல மெல்லக் கல்லில் ஏறுகிற காட்சி மட்டும்தான். 1924 மார்ச் 29இல் கம்பர்லி என்ற ஊரின் கழகக்காரர்கள் நடுவர்களைத் தூக்கிவிட்டு ஒரு போட்டி வைத்தார்கள். காடுமேடு எல்லாம் ஓடி முதலில் வருகிறவன் வென்றான், கணக்கு அவ்வளவுதான். நடுவர் கண்காணிப்பு இல்லாததை ட்றயல் என்று அழைக்க விளையாட்டுச் சங்கம் விடவில்லை. அதனால் 'ஸ்க்றாம்பிள்' என்று பெயர் வைத்தார்கள். அதுதான் பிறகு ஐரோப்பாவுக்குப் போய் மோட்டோகுறொஸ் ஆனது. புதிதாக ஒன்றைச் சேர்த்து அல்ல, பார்ப்பவனுக்கு விளங்காத ஒன்றை வெட்டி எறிந்துதான் அந்த விளையாட்டே பிறந்தது.

60களில் இன்னொரு அதிர்ஷ்டம் அடித்தது. 1962-63 மாரியில் பிரிட்டன் பனியில் உறைந்துபோனது. உதைபந்தாட்டமும் குதிரையோட்டமும் வாரக்கணக்கில் தடைப்பட்டன. சனிக்கிழமை பின்னேரத்துக்குக் காட்ட பிபிசிக்கு ஏதாவது வேண்டும். சேறும் பனியும் ஸ்க்றாம்பிளுக்குத் தடையே இல்லை. ஜெஃப் ஸ்மித், டேவ் பிக்கர்ஸ் போன்றவர்கள் கறுப்பு-வெள்ளைத் திரையில் வீட்டுக்குவீடு தெரிந்த முகங்களானார்கள். அதே சேற்றில் ஓடிய ட்றயல்ஸ்காரரை வெளியில் அவ்வளவு பேருக்குத் தெரியாது.

1972இல் அமெரிக்கர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பார்வையாளர்கள் காட்டுக்கு வரத் தேவையில்லை என்று, மண்ணையே லொறி லொறியாக ஏற்றிவந்து லொஸ் ஏஞ்சல்ஸ் கொலிசியம் மைதானத்துக்குள் கொட்டினார்கள். வென்றது மார்ட்டி ட்றைப்ஸ் என்ற 16 வயதுப் பொடியன். சுப்பர்குறொஸ் என்ற பெயர் அந்த வழியில் வந்ததுதான். எங்கள் நாட்டில் அந்தப் பெயரில் நடப்பது மைதானத்துக்குள் இல்லை, வெளியில்தான். ஆனால் தியத்தலாவையின் மலைச்சரிவு இயற்கையே கட்டிக்கொடுத்த மைதானம். ஆக, பெயர் பொருத்தம்தான்.

அந்த மலைக்கும் ஒரு கதை இருக்கிறது. எச்.எம்.எஸ். ஃபொக்ஸ் என்ற பிரித்தானியக் கடற்படைக் கப்பலின் மாலுமிகள் சரிவில் கல்லால் ஒரு அடையாளத்தைப் பதித்துவிட்டுப் போனார்கள், மலைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கும் முன் 1900இல் தென்னாபிரிக்காவில் பிடிபட்ட போயர் கைதிகளை ஆயிரக்கணக்கில் தியத்தலாவையில் அடைத்து வைத்திருந்தார்கள். அன்று தொட்டு அது படைகளின் ஊர். இன்று அங்கே இராணுவக் கல்லூரி இருக்கிறது, அதுதான் சுப்பர்குறொஸை நடத்துகிறது.

மோட்டார் விளையாட்டுக்கு வேகத்துக்கும் முன்னால் நிலம் வேண்டும். உலகப்போர் முடிந்ததும் சும்மா கிடந்த விமான ஓடுபாதைகள் பல நாடுகளில் பந்தயத் தடங்களாகின. இங்கிலாந்தின் சில்வர்ஸ்ரோன், சென்னைக்குப் பக்கத்துச் சோழவரம், எங்கள் களுத்துறைப் பக்கத்துக் கட்டுக்குருந்தை மூன்றும் அப்படி வந்தவைதான். பலாலியும் அதே போரில் பிரித்தானியர் போட்ட ஓடுபாதைதான். அதன் பிறகு அந்த மண்ணுக்கு நடந்தது வேறு கதை. சுற்றியிருந்த ஊர்ச்சனம் வீட்டுத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை வருடம் முகாம்களில் இருந்தது என்பதை வலிகாமம் வடக்கு ஆட்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

90களில், போர்க்காலத்தில், பெரிய நிலமும் அதைத் தோண்ட இயந்திரமும் ஆளணியும் படைகளிடம் இருந்தன. அதனால் சுப்பர்குறொஸ் படைமுகாம்களின் விளையாட்டாக வளர்ந்தது. தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில், அநுராதபுரம் சாலியபுரவில் கஜபா, மின்னேரியாவில் கன்னர்ஸ். பெயர்களைப் பார்த்தாலே விளங்கும். இதை எழுதும்போது எனக்குள் ஒரு நெருடல் இருக்கிறது. நான் தொண்டை கிழியக் கத்தின அந்தச் சரிவு ஒரு படைமுகாமின் சரிவு. அண்டைக்கு அது எனக்கு நினைவிலேயே வரவில்லை.

அதே 90களில் எங்கள் பக்கத்தில் மோட்டார் சைக்கிளின் வரலாறு வேறு. பொருளாதாரத் தடையில் பெற்றோல் வருவதில்லை. அப்பாவின் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து, ஸ்ராட் வந்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பின்னால் வெள்ளைப் புகை. ஒ(f)ஸ்ரின் ஏ40 கார்களும் அப்படித்தான் ஓடின. அந்த வீதியில் யாரும் பந்தயம் ஓடவில்லை, ஓடவும் ஏலாது. ஆனால் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஒரு ஆள் இருந்தார். மோட்டார் விளையாட்டு ஒன்றுக்கு வேண்டிய பாதிப் பொருள் எங்களிடமும் கிடந்தது என்றுதான் இப்ப யோசிக்கும்போது படுகிறது.

இங்கேதான் அடுத்த காரணம் வருகிறது. சனம் தங்கள் வீட்டில் நிற்கிற வாகனத்தைப் பந்தயத்தில் பார்க்க விரும்பும். எங்கள் நாட்டுப் போட்டிகளில் ஃபோர்ட் லேசர், மஸ்டா என்று பழைய குடும்பக் கார்களுக்கே தனிப் பிரிவு உண்டு. மாமாவின் கல்யாணத்துக்கு ஓடின கார் புழுதியில் பக்கவாட்டில் வழுக்கிப் போகும்போது வருகிற சிரிப்பை விலையுயர்ந்த கார் எதுவும் தராது. ஃபோர்முலா கார்களைக் கொண்டுவந்து காட்டினால் சனம் வந்து படம் எடுக்கும், வருடாவருடம் வருமா என்பது சந்தேகம்.

போர்க்காலத்தில் எங்களுக்கு மோட்டார் பந்தயம் இல்லாவிட்டாலும் பந்தயம் இல்லாமல் போகவில்லை. மாட்டுவண்டிச் சவாரி இருந்தது. திறந்த திடல், ரெண்டு பக்கமும் நெருங்கி நிற்கிற சனம், ஊரில் எல்லாருக்கும் தெரிந்த மாடு, எந்தச் சோடி முந்தினது என்று சின்னப்பிள்ளைக்கும் விளங்குகிற முடிவு. கம்பர்லிக்காரர் 1924இல் கண்டுபிடித்ததை எங்கட ஆட்கள் எப்பவோ வைத்திருந்தார்கள்.

ஆனால் கிட்ட நிற்பதற்கு ஒரு விலை இருக்கிறது. 2024 ஏப்ரல் 21, ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு ஃபொக்ஸ் ஹில் நடந்தது. ஒரு கார் தடத்தில் கவிழ, உதவியாளர்கள் மற்றவர்களை எச்சரித்து மஞ்சள் சைகை காட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்த இன்னொரு கார் தடம் விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்தது. 7 பேர் இறந்தார்கள், அதில் ஒருத்தி 8 வயதுப் பிள்ளை. தடத்தில் வேலைசெய்தவர்களும் இறந்தார்கள். 20 பேருக்கு மேல் காயம். விலகின காரை மறித்துப் பிடிக்கக்கூடிய எதுவும் இடையில் இருக்கவில்லை.

ஓட்டுநரின் பிழை, சனத்தின் பிழை என்று முகநூலில் ரெண்டு நாள் சண்டை பிடித்தார்கள். கிட்ட வந்து நிற்கிற சனத்தில் பிழை சொல்வதை என்னால் ஏற்க முடியாது. கிட்ட நிற்கலாம் என்பதற்காகத்தான் அந்த விளையாட்டு அத்தனை பேரை இழுத்தது. அப்படி இழுப்பவர்கள்தான் சனத்துக்கும் காருக்கும் இடையில் என்ன இருக்க வேண்டும் என்று யோசிக்க வேண்டும். சரிவில் உயரமாக நின்றவனுக்கும் முழுத் தடம் தெரிந்தது. கீழே கயிற்றோரம் நிற்கவிடாமல் சனத்தை மேலே ஏற்றியிருக்க முடியும். மண் அணை கட்ட இயந்திரம் இல்லாத இடமும் அல்ல அது.

செய்தி வந்த இரவு நண்பன் கோல் எடுத்தான். "நாங்க அண்டைக்கு மத்தியானத்துக்குப் பிறகு எங்க நிண்டம், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான். இருந்தது. மேலே வெயில் என்று கீழே இறங்கிக் கயிற்றோரம்தான் நின்றோம்.

போன தைப்பொங்கலுக்கு ஊரில் சவாரி பார்க்கப் போனேன். ஒரு சோடி திடலை விட்டு விலகிச் சனத்துக்குள் வந்தது. எல்லாரும் சிதறி ஓடினார்கள், ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. மாடுகளைப் பிடித்துக்கொண்டு போனதும் சனம் திரும்பவும் வந்து அதே இடத்தில் நின்றது. நானும் வந்து நின்றேன்.