வெற்றுக் கட்டமும் சுழியமும்

குழந்தையில்லாத ஒரு பெண்ணை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதிவுசெய்ய ஒரு சுழியம் போதும். பல நேரங்களில் அந்தச் சுழியம் எழுதப்படவே இல்லை. குழந்தை இல்லை என்ற விடை கிடைத்ததும் கணக்கெடுப்பாளர் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவது பல நாடுகளில் காணப்பட்ட வழக்கம். அட்டவணையில் அந்த வெறுமை ‘தகவல் இல்லை’ என்ற பத்தியில் போய்ச் சேர்ந்தது. மக்கள்தொகையியலாளர் எல்-பத்ரி 1961இல் இப்பிழையைத் திருத்த ஒரு வழி கண்டார். குழந்தையற்றோர் விகிதம் மிகும் வயதுப் பிரிவுகளில் ‘தகவல் இல்லை’ விகிதமும் மிகுகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான நேர்கோட்டு உறவைக் கொண்டு, வெற்றுக் கட்டங்களில் எத்தனை உண்மையில் சுழியங்கள் என மதிப்பிடலாம். இதை வெறும் அலுவலகச் சோம்பலாகக் கொள்வது எளிது. ஆனால் மாமியாரும் அண்டை வீட்டாரும் சூழ்ந்து நிற்கும் வாசலில், மலடி என்னும் சொல்லைக் கேட்டே வாழ்ந்த ஒருத்தியிடம் அக்கேள்வியை முழுமையாகக் கேட்டு முடிப்பதும் எளிதன்று. (மலடன் என்ற சொல் அகராதியில் உண்டு; வழக்கில் அரிது.)

எழுதப்பட்ட சுழியமும் அதிகம் சொல்லவில்லை. இந்தியாவின் 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், உயிருடன் பிறந்த குழந்தைகள் எத்தனை என்று மணமான பெண்களிடம் கேட்கப்பட்டது. ஒருமுறையும் கருவுறாதவள், மும்முறை கரு கலைந்தவள், கணவனின் குறையால் தாயாகாதவள் ஆகிய மூவருக்கும் ஒரே விடைதான். முதல் குழந்தைக்குப் பின் மீண்டும் கருவுற இயலாதவளோ அப்பத்தியில் ‘1’ ஆகி மறைந்துபோனாள். 1952 முதல் குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக நடத்திய அரசுக்குப் பிறப்பின் மிகுதியே சிக்கலாக இருந்தது. பிறவாமை பற்றிக் கேட்க அதற்குக் காரணம் தோன்றவில்லை. 2007–08ஆம் ஆண்டு மாவட்ட அளவிலான குடும்ப ஆய்வு நேரடியாகக் கேட்டபோது, மணமான பெண்களில் சுமார் 8 விழுக்காட்டினர் கருவுறுதலில் சிக்கல் இருந்ததாகக் கூறினர்.

கரு இழப்பின் ஆவணம் இன்னும் மெலிந்தது. 1988இல் அமெரிக்காவில் வில்காக்ஸ் குழுவினர் 221 பெண்களின் சிறுநீரை நாள்தோறும் சோதித்தனர். கண்டறிந்த 198 கருவுறுதல்களில் 31 விழுக்காடு இழப்பில் முடிந்தன; அவற்றுள் பெரும்பகுதி, கருவுற்றது மருத்துவ முறையில் தெரியவரும் முன்பே நிகழ்ந்தது. அத்தகைய இழப்பை எந்தப் பதிவேடும் பிடிக்காது. பெண் அறிந்தே துயருற்ற இழப்புகளின் நிலை வேறு. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் உயிரற்ற பிறப்பைப் பதியச் சொன்னது. 28 வாரம் நிறையாத கருவுக்கு அங்கு இடமில்லை.

வியப்பாக, அதற்கு எட்டாண்டு முந்தைய மகப்பேறு நலச் சட்டத்தில் இடம் இருந்தது. கருச்சிதைவுக்கு ஆறு வாரம் ஊதியத்துடன் விடுப்பு. ஆனால் சான்று காட்ட வேண்டும். ஆகவே வரலாற்றாய்வாளர் தேட வேண்டியது நகராட்சிப் பிறப்புப் பதிவேட்டை அன்று, ஆலைகளின், சுரங்கங்களின், தேயிலைத் தோட்டங்களின் விடுப்புக் கணக்குகளை. அச்சட்டம் தொடக்கத்தில் அந்த மூன்று இடங்களுக்கே முதன்மையாகப் பொருந்தியது. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த கூலிப் பெண்ணுக்குக் கரு கலைந்தால் அன்றைய கூலி போயிற்று; அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.